உருக்காலை வேண்டாம், பட்டறை வேண்டும்

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால் மன்னார்குடி வட்டாரத்தில் இராத் தூக்கம் இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர், கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விவசாயி. மற்றவர், வெல்டிங் பட்டறைக்காரர்.

நடு ராத்திரியில் ஒரு டிராக்டர் பட்டறை வாசலில் வந்து நிற்கும். பின்னால் நெல் ஏற்றிய டிரெய்லர் இராது. அது பாமணியாற்றுப் பாலத்துக்கு அப்பால் எங்கேயோ சாய்ந்து கிடக்கும். அதை டிராக்டரோடு இணைக்கும் இரும்புக் கை இரண்டாக ஒடிந்து டிரைவரின் காலடியில் கிடக்கும். போன வாரம்தான் இதே பட்டறையில் ஒட்டுப் போட்டது.

"என்ன தம்பி, உன் ஒட்டு ஒரு வாரம் கூடத் தாங்கலையே?"

"ஒட்டு உடையலே அண்ணே. நல்லாப் பாருங்க. ஒட்டு அப்படியே இருக்கு. அதுக்குப் பக்கத்திலே உடைஞ்சிருக்கு. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

பட்டறைக்காரர் சொல்வது பொய் அல்ல. ஒட்டிய இடம் உறுதியாகவே இருக்கிறது. அதற்கு ஒரு விரற்கடை தள்ளித்தான் இரும்பு விட்டுப்போயிருக்கிறது. ஏன் அப்படி? இந்தக் கேள்விக்குப் பட்டறையில் விடை இல்லை. ஆனால் விடையே இல்லாத கேள்வி அல்ல அது. மன்னார்குடியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாமலைநகரில், இதே கேள்வியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து விடை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த விடை உலக நாடுகளின் நூலகங்களுக்கெல்லாம் போயிருக்கிறது. மன்னார்குடிக்குத்தான் வந்து சேரவில்லை.

மூடிய கதவு

காவிரிப் படுகைக்கும் உலோகத் தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அதிலும் இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில ஒன்றியங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயின. அந்த மண்டலத்தில் புதிதாகத் தொடங்கக் கூடாத தொழில்களின் பட்டியல் ஒன்று சட்டத்தோடு சேர்ந்தே இருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பதும் தோல் பதனிடுவதும் அதில் உண்டு. அவற்றோடு துத்தநாகம் உருக்கும் ஆலை, தாமிரம் உருக்கும் ஆலை, அலுமினியம் உருக்கும் ஆலை, இரும்புத் தாது ஆலை, உருக்காலை ஆகிய அத்தனையும் உண்டு. உலோகத்தின் பெயர் சொல்லி வரும் பெரிய ஆலை எதுவும் இனி இங்கே நுழைய முடியாது.

மன்னார்குடி ஜனங்களுக்கு இந்தச் சட்டத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2010-ம் ஆண்டுக்குப் பிறகு ஊரின் பெயரே ஒரு மீத்தேன் திட்டத்தின் பெயராகிவிட்டது. நிலத்தடி நிலக்கரிப் படிவத்திலிருந்து வாயு எடுக்கப் போகிறோம் என்று வந்த அந்தத் திட்டத்தை ஊர் ஊராகக் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். இயற்கை விவசாயத்துக்காக வாழ்ந்த நம்மாழ்வார் 2013 டிசம்பரில் காலமானதும் அந்தப் பிரசாரத்தின் நடுவேதான். திட்டம் கைவிடப்பட்டது. ஆற்று நீரையும் வண்டல் மண்ணையும் நம்பிப் பிழைக்கும் பூமியில், பூமிக்கு அடியில் உள்ளதைப் பிடுங்குவதோ, தாதுவை உருக்குவதோ கூடாது என்பதுதான் அந்தப் போராட்டத்தின் பாடம்.

அது சரியான பாடமே. ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்க 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது. ஒரு டன் எஃகு செய்தால் உலகச் சராசரியில் ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. இத்தகைய ஆலைகளுக்கு நெல் வயல்களை விட்டால் இந்த நாட்டில் வேறு இடம் இல்லையா? இருக்கிறது.

ஆனால் கதவை மூடுகிறவர்கள் அவசரத்தில் ஜன்னலையும் சேர்த்து மூடிவிடுவதுண்டு. உருக்காலை வேண்டாம் என்று சொன்னதை, உலோக அறிவே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது. விவசாய பூமி என்றால் விதை, உரம், தண்ணீர் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி மட்டும் போதும் என்ற எண்ணம் படிந்துவிட்டது. டெல்டாவில் இன்று உழுவது இரும்பு. நடுவது இரும்பு. அறுப்பது இரும்பு. விளைந்ததைச் சுமந்துகொண்டு போவதும் இரும்பு. அந்த இரும்பைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

இரும்பு இங்கே புதிதல்ல

டெல்டாவுக்கு உலோகமும் போக்குவரத்தும் அந்நியமாக இருந்த காலமே கிடையாது. சுவாமிமலை ஸ்தபதிகள் காவிரி வண்டலைக் குழைத்து அச்செடுத்து அதில் பஞ்சலோகம் வார்க்கிறார்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு இல்லாத கல்யாண வீடு இந்தப் பக்கத்தில் உண்டா?

ரயில் விஷயமும் அப்படியே. தென்னாட்டில் ரயில் வந்த ஆரம்ப காலத்திலேயே, 1861-ல், நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் வரை வண்டி ஓடியது. அந்த ரயில்வேயின் தொழிற்சாலையும் நாகப்பட்டினத்தில்தான் இருந்தது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டவும், சக்கரம் கடையவும், கொதிகலனுக்கு ஒட்டுப் போடவும் தெரிந்த ஆட்கள் கடலோர டெல்டாவில் தலைமுறையாக இருந்தார்கள். 1928-ல் அந்தத் தொழிற்சாலை திருச்சிப் பொன்மலைக்குப் போய்விட்டது. கூடவே ஆட்களும் போனார்கள். பொன்மலை வளர்ந்தது. இன்றும் நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுக்கும் அளவுக்கு அங்கே கைத்திறன் இருக்கிறது. நாகப்பட்டினம் இழந்தது கட்டடத்தை மட்டுமல்ல; அந்தக் கைத்திறனையும் இழந்தது.

ஆராய்ச்சியும் பொறியியலும் ஜனங்களின் காரியத்துக்கு வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், மன்னார்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பிரயாணத்தில் திருவாரூருக்குப் போனால் போதும். ஆழித்தேர் சுமார் 300 டன் எடை. அலங்கரித்து நின்றால் 96 அடி உயரம். மரச் சக்கரத்தோடு அது ஓடிய காலத்தில், நிலையை விட்டுப் புறப்பட்ட தேர் நாள் கணக்கில் வீதியிலேயே நின்றுவிடுவது சகஜம். திரும்பும்போதும் நிறுத்தும்போதும் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பிற்பாடு திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் அந்தத் தேருக்கு இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் செய்து, ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். கொதிகலன் செய்யும் இன்ஜினீயர்கள் தேருக்குப் பிரேக் போட்டதால் அவர்களுடைய கௌரவம் குறைந்துவிடவில்லை. தேர் ஓடுகிறது. முட்டுக்கட்டை போடுகிறவர் பத்திரமாக வீடு திரும்புகிறார்.

ஸ்வாமியின் வாகனத்துக்குச் செய்ததை நெல்லின் வாகனத்துக்கும் செய்தால் என்ன என்பதுதான் கேள்வி.

ஈர ராடும் பீரங்கி வண்டியும்

மீண்டும் அந்த உடைந்த இரும்புக் கைக்கு வருவோம்.

கெட்டியான எஃகை வெல்டிங் செய்யும்போது ஒட்டும் இடம் உருகி ஆறுகிறது. அதை ஒட்டிய இடம் உருகுவதில்லை. ஆனால் பழுக்கக் காய்ந்து, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பினால் சட்டென்று ஆறிவிடுகிறது. கொல்லன் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் தோய்த்தால் என்ன ஆகுமோ அதுவே அந்த விரற்கடை அகலத்தில் நடக்கிறது. அந்த இடம் கடினமாகிறது. கடினமானது நொறுங்கும் குணத்தையும் சேர்த்துப் பெறுகிறது.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. வெல்டிங் ராடின் மேல் பூசியிருக்கும் மருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பட்டறை மூலையில் பிரித்துப் போட்ட ராடு எவ்வளவு ஈரம் குடித்திருக்கும்! தீப்பொறியில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் ஆகிறது. ஹைட்ரஜன் உருகிய இரும்பில் கரைந்து, பக்கத்தில் உள்ள கடினமான இடத்துக்கு மெல்ல நகர்கிறது. வண்டி புறப்படும்போது ஒட்டு பார்வைக்கு அழகாகவே இருக்கும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், உள்ளே மயிரிழை போல் ஒரு வெடிப்பு விடும். மேடு பள்ளமான ரோட்டில் வண்டி குலுங்கக் குலுங்க அந்த வெடிப்பு வளரும். ஒரு ராத்திரி, பாலத்துக்கு அப்பால், கை ஒடிந்துவிடும்.

இந்த ஹைட்ரஜன் வெடிப்பைப் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் விரிவாக ஆராய்ந்து 2008-ல் சர்வதேச விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே உற்பத்திப் பொறியியல் துறையில் உலோகங்களை இணைப்பதைப் பற்றி ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் ஆராயப்பட்டது டிரெய்லரின் இரும்பு அல்ல. பீரங்கி வண்டிகளுக்குக் கவசமாகப் போடும் எஃகு! தேசப் பாதுகாப்புக்கு அது அவசியம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இயற்கை மட்டும் இரண்டுக்கும் பேதம் பார்ப்பதில்லை. பீரங்கி வண்டியின் கவசத்தில் வெடிப்பு உண்டாக்கும் அதே ஹைட்ரஜன்தான் நெல் வண்டியின் கையையும் ஒடிக்கிறது.

மருந்தும் பெரும்பாலும் ஒன்றே. ஹைட்ரஜன் குறைந்த ரக ராடு வாங்க வேண்டும். அதையும் உபயோகிக்கும் முன் சூட்டு அடுப்பில் ஈரம் போக உலர்த்த வேண்டும். ஒட்டப்போகும் இரும்பை முன்கூட்டியே மிதமாகச் சூடேற்ற வேண்டும். ஒட்டிய பிறகு காற்றிலோ தண்ணீரிலோ சட்டென்று ஆறவிடாமல் மெல்ல ஆறவிட வேண்டும். சில உறுப்புகளை ஒட்டவே கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்துகொள்வதும் இதில் சேர்ந்தது. இவ்வளவுதான். மெல்ல ஆறவைக்க மன்னார்குடியில் எது கிடைக்கும்? உமிச் சாம்பல்! வெப்பத்தை அடக்கி வைப்பதில் உமிச் சாம்பலுக்கு இணை குறைவு. பெரிய உருக்காலைகளில் உருகிய எஃகின் மேல் சூடு போகாமல் இருக்க உமிச் சாம்பலைத்தான் தூவி மூடுகிறார்கள். நெல் அரைக்கும் ஊரில் மலை மலையாகக் கிடக்கும் பொருள் உலகத்து உருக்காலைகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்ப் பட்டறைக்குத் தெரியவில்லை.

இலேசான வண்டி, நீண்ட ரயில்

எண்ணெயைக் குறைவாகக் குடித்து, புகையைக் குறைவாகக் கக்கி, பேரன் காலத்துக்கும் தாங்கும் போக்குவரத்து வேண்டும் என்று உலகம் முழுவதும் இப்போது பேசுகிறார்கள். சர்வகலாசாலைகளில் அதற்காகப் பெரிய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அந்த ஆராய்ச்சிகளில் பாதி, கடைசியில் உலோகத்தில்தான் வந்து முடிகிறது. ஏனென்றால் வண்டியின் எடை குறைந்தால் எண்ணெய் குறையும். எடையைக் குறைக்க வேண்டுமானால் இலேசான உலோகமோ, மெல்லிய ஆனால் உறுதியான எஃகோ வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் வித்தையும் வேண்டும்.

அலுமினியத்தைச் சாதாரண முறையில் ஒட்டுவது கடினம். 1991-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புது வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு தகடுகளை நெருக்கி வைத்து, அவற்றின் விளிம்பில் ஒரு கெட்டியான முளையைச் சுழலவிட்டு அழுத்திக்கொண்டே போவார்கள். உராய்வில் உலோகம் சூடாகி இளகும், ஆனால் உருகாது. திருவையாற்று அசோகா அல்வாவைக் கிண்டுவது போல் இரு பக்கத்து உலோகத்தையும் அந்த முளை ஒன்றாகக் கிண்டிவிடும். ஜப்பானில் ரயில் பெட்டிகளை இந்த முறையில் செய்கிறார்கள். இந்த வித்தையை அலுமினியத்திலும், அதைவிட இலேசான மக்னீசியத்திலும் ஆராய்ந்து பெயர் பெற்ற இடங்களில் ஒன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

திருச்சியிலோ, 1964-ல் தொடங்கிய இன்ஜினீயரிங் கல்லூரி இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்ந்து நிற்கிறது. உலோகவியலுக்கென்றே அங்கே தனித் துறை உண்டு. 1975 முதல் பாரத மிகுமின் நிறுவனத்தைச் சேர்ந்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அதே ஊரில் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. மின்கலம், முலாம், துரு இவைதான் அதன் தொழில். கடலோர மண்டபத்தில் இரும்புத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்தி வைத்து, எந்த உலோகம் எவ்வளவு நாளில் துருப்பிடிக்கிறது என்று அங்கே கணக்கெடுக்கிறார்கள். முத்துப்பேட்டையிலும் வேதாரணியத்திலும் உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளுக்கு அந்தக் கணக்கைவிட உதவியானது வேறு என்ன?

ஆக, மன்னார்குடியைச் சுற்றி அரை நாள் பிரயாணத்துக்குள் இந்த நாட்டின் சிறந்த உலோக அறிவு குவிந்திருக்கிறது. அது டெல்டாவுக்கு என்ன தரக்கூடும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று பார்க்கலாம். கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகக் கட்டுகிறார்கள். உறுதியான மெல்லிய எஃகை உபயோகித்து ஒரு டிரெய்லரின் வெற்று எடையில் 200 கிலோ குறைத்துவிட்டால், அதே எண்ணெயில் ஒவ்வொரு நடைக்கும் 5 சிப்பம் கூடப் போகும். திரும்பி வரும்போது அந்த 200 கிலோவைச் சும்மா இழுத்து வர வேண்டிய செலவும் இல்லை. ஆனால் அத்தகைய எஃகைத் தாறுமாறாக வெல்டிங் செய்தால் சூடு பட்ட இடத்தில் அதன் பலம் போய்விடும். எனவே எஃகு மட்டும் வந்தால் போதாது; அதை ஒட்டும் அறிவும் கூடவே வர வேண்டும்.

கொள்முதல் நிலையத்திலிருந்து அப்பால் போகும் பிரயாணத்துக்கு ரயிலை மிஞ்சியது இல்லை. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உண்டாகும் தடை, ரப்பர் டயர் தார் ரோட்டில் உருளும்போது உண்டாகும் தடையில் ஒரு சிறு பங்குதான். ஒரு சரக்கு ரயில் சுமார் 2,000 டன் நெல் சுமக்கிறது. அதாவது 50,000 சிப்பம். பத்து டன் லாரியில் அனுப்பினால் 200 லாரி! மன்னார்குடிக்கு நீடாமங்கலத்திலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் 1970-களில் நின்றுபோயிற்று. ஒரு தலைமுறை முழுவதும் தண்டவாளம் இல்லாமலே கழித்துவிட்டு, 2011-ல் அகலப் பாதையில் மறுபடியும் ரயிலைக் கண்டது ஊர். ஆற்றின் பெயரால் பாமணி எக்ஸ்பிரஸும், ஊரின் பெயரால் மன்னை எக்ஸ்பிரஸும் ஓடுகின்றன. ஜனங்களுக்குச் சந்தோஷம். நெல்லுக்கும் அந்தச் சந்தோஷம் முழுமையாகக் கிடைக்க வேண்டும். லாரி வரவில்லை, இறக்க ஆள் இல்லை என்று சிப்பங்கள் திறந்த வெளியில் மழையில் நனைவது, விளைந்த பிறகு வரும் வெள்ளச் சேதம். அந்தச் சேதத்துக்குக் காரணம் வானம் மட்டும் அல்ல, வண்டியும்தான்.

மூன்று ஆட்சேபங்கள்

"பல்கலைக்கழகம் என்ன பழுது பார்க்கும் கடையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆராய்ச்சி என்பது இன்றைய தேவையை மட்டும் பார்த்து நடந்தால் நாளைய கண்டுபிடிப்புக்கு இடம் இராது. ஆராய்ச்சியாளர்களை எல்லாம் டிரெய்லர் செய்யச் சொல்வது அறிவீனம். கேட்பது அதுவல்ல. பீரங்கி வண்டிக்காகவும் ஆகாய விமானத்துக்காகவும் ஏற்கனவே கண்டுபிடித்துவிட்டதை, இரண்டு பக்கத் தமிழில் எழுதிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்பதே. புதுக் கண்டுபிடிப்புக்கு அதனால் என்ன நஷ்டம்?

"பட்டறைக்காரர் படிக்காதவர், அவருக்கு இதெல்லாம் புரியாது" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது உண்மைக்கு விரோதமானது. உடைந்தது ஒட்டில் அல்ல, ஒட்டுக்குப் பக்கத்தில் என்று கண்டுபிடித்துச் சொன்னவரே அவர்தான். சோதனைச்சாலையில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கிறவரும் முதலில் அந்த இடத்தைத்தான் பார்க்கிறார். கவனிக்கும் கண் பட்டறையில் இருக்கிறது. காரணம் சொல்லும் நூல்தான் அங்கே இல்லை.

"செலவு யார் தருவது?" என்பது மூன்றாவது. ராடு உலர்த்தும் ஒரு சின்ன மின்சார அடுப்பு, சூடு பார்க்கும் வண்ணக் குச்சி, ஒரு தொட்டி உமிச் சாம்பல். இவற்றின் விலை, அறுவடைக் காலத்தில் ஒரு டிரெய்லர் இரண்டு நாள் முடங்கினால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் பெரிதல்ல. எந்த விவசாயியும் இந்தக் கணக்கை விரல் விட்டுச் சொல்வார்.

ஆராய்ச்சி ரோட்டுக்கு வராது என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013-ல் மின்சார ஸ்கூட்டர் செய்யத் தொடங்கினார்கள். அதே நிலையத்தின் ஆதரவில் வளர்ந்த ஏதர் என்ற அந்தக் கம்பெனி ஓசூரில் தொழிற்சாலை போட்டது. வண்டி இன்று வீதியில் ஓடுகிறது. நகரத்து ஸ்கூட்டருக்குப் பின்னால் முதலீடு செய்பவர் இருந்தார், வாங்குபவர் காத்திருந்தார். நெல் வண்டிக்குப் பின்னால் அப்படி ஒருவரும் இல்லை. அந்த இடத்தில்தான் அரசாங்கமும் பல்கலைக்கழகமும் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது

பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. உலோகம், வெல்டிங், வாகனம் ஆகிய துறைகளில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிற ஒவ்வொரு மாணவரும், தம்முடைய முடிவு உள்ளூர்ப் பட்டறைக்கு எப்படிப் பயன்படும் என்று தமிழில் சில பக்கம் எழுதித் தர வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் விதி செய்யலாம். குறுவைக்கு முன்னும் சம்பா அறுவடைக்கு முன்னும், வட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பட்டறைக்காரர்களை வரவழைத்து இரண்டு நாள் பயிற்சி வைக்கலாம். ஒடிந்த உறுப்புகளை எறியாமல் சேர்த்து வைத்து அங்கே கொண்டுவரச் சொல்ல வேண்டும். ஒடிந்த இரும்பைப் போல் உண்மை பேசும் சாட்சி வேறு இல்லை. அவற்றை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தால், கட்டுரைக்குப் புதுப் பொருளும் கிடைக்கும்.

ரோட்டவேட்டர் கத்தியை எடுத்துக்கொள்ளலாம். சேற்றில் கலந்த மணல் அதை அரம் போல் ராவிவிடுகிறது. தேயும் முனையில் மட்டும் கடினமான உலோகத்தை வெல்டிங் முறையில் பூசிக்கொடுத்தால் கத்தி நெடு நாள் உழைக்கும். ஒரு கத்தி அதிகம் உழைத்தால், அதற்குப் பதிலாக இன்னொரு கத்திக்கு எஃகு உருக்க வேண்டியதில்லை. உருக்காலை வேண்டாம் என்று சட்டம் செய்த டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான உலோகத் தொழில் ஏது? இருப்பதை நெடுங்காலம் உழைக்க வைப்பதும், உடைந்ததைச் சரியாக இணைப்பதும், தீர்ந்ததைத் தரம் பிரித்துத் திரும்ப அனுப்புவதும் புகை இல்லாத தொழில்கள். பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவிலிருந்து எடுக்கும் செலவில் 20-ல் ஒரு பங்கு மின்சக்தி போதும். பழைய இரும்புக் கடையில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் ரகம் பிரித்துக் கட்டினால் அந்த மூட்டைக்கு மதிப்பும் கூடும்.

உமியும் இருக்கிறது. நெல்லின் எடையில் ஏறக்குறைய 5-ல் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் 5-ல் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா. அதை அலுமினியத்தோடு கலந்து, இலேசான, தேயாத உலோகக் கலவை செய்வதைப் பற்றி இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். மன்னார்குடி நெல்லின் உமி, ஒரு நாள் மன்னார்குடி நெல்லைச் சுமக்கும் வண்டியின் சக்கரத்திலேயே இருக்கலாம். அது நடக்குமா, கட்டுபடியாகுமா என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தார். சோதிக்கவே இல்லை என்றால் அது அவர்கள் குற்றம்.

மன்னார்குடியில் வருஷந்தோறும் எத்தனையோ பிள்ளைகள் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வெளியூர் வண்டி ஏறுகிறார்கள். ஊரில் அவர்கள் படிப்புக்கு வேலை இல்லை என்பதே காரணம். படித்த படிப்புக்கான கேள்வி ஒன்று ஊர்ப் பட்டறையிலேயே ராத்திரி முழுவதும் விளக்கெரியக் காத்திருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? 1928-ல் நாகப்பட்டினத்துத் தொழிற்சாலை போனபோது ஆட்களும் போனார்கள். அன்று அதைத் தடுக்க முடியவில்லை. இன்று போவது கட்டடம் அல்ல; அறிவு. அது போகிற வழியிலேயே திருப்பி அழைத்து வரக்கூடியது.

டெல்டா தன் மண்ணைக் காப்பாற்றிக்கொண்டது. அந்த மண்ணில் விளைந்ததைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. அடுத்த சம்பா அறுவடையில் பட்டறை வாசலில் டிராக்டர் வந்து நிற்கும்போது, "ஏன் உடைந்தது?" என்ற கேள்விக்குப் பட்டறைக்காரரே காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்ன கையோடு உமிச் சாம்பலில் ஆறவைத்து உடையாத ஒட்டும் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குத் தேவையான அறிவு 100 கிலோமீட்டரில் இருக்கிறது. அதை அனுப்பி வைக்க ஒரு தபால் உறை போதும்.